பதுர்தீன் மாமாவின் ‘ப’

மாற்றலாகி வந்தவர்கள் – அத்தியாயம் பதினொன்று

சுதந்திர தினத்தன்று காலையில் பாலேஸ்வரியின் வீட்டில் ஒருவருக்கும் சுதந்திரம் இருக்கவில்லை.

ஒன்பது வயது ஆரணி பல் தீட்டும்போதும் பேச்சைச் சொல்ல வேண்டியிருந்தது. தலை இழுத்துப் பின்னும்போதும் சொல்ல வேண்டியிருந்தது. இடியப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கியபோது மட்டும், “விழுங்கிப்போட்டுச் சொல்லு” என்று பாலேஸ்வரி ஒரு சலுகை கொடுத்தாள்.

“அம்மா, எனக்கு நித்திரையிலயும் இதுதான் வருது.”

“வரட்டும். நல்லது.”

வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் ஜெயரட்ணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் செய்ய அவருக்குத் தெரியும். ஒரே செருப்பைத்தான் வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வவுனியாவிலிருந்து மாற்றலாகி இவர்கள் மாத்தளைக்கு வந்து வருசம் ஒன்று நிரம்பப்போகிறது. சண்டை நின்று, வடக்குக்குப் போகிற ஏ-ஒன்பது வீதி திறந்து, இனிமேல் சமாதானம்தான் என்று கடைத்தெருவில்கூடப் பேசிக்கொண்ட இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. அந்தச் சந்தோசத்தில், நகரத்துப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து எடுக்கிற சுதந்திர தின விழாவில் ஒரு தமிழ்ப் பிள்ளை சிங்களத்திலும் ஒரு சிங்களப் பிள்ளை தமிழிலும் பேச வேண்டும் என்று விழாக்குழுத் தலைவர் ஏக்கநாயக்க முடிவெடுத்தார். ஓய்வு பெற்ற அதிபர் அவர். தமிழ்ப் பிள்ளை என்று ஆரணியைத்தான் வகுப்பு மிஸ் எழுதிக் கொடுத்தார். “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டபோது, கணவரிடம் ஒரு சொல் கேட்காமல் பாலேஸ்வரி தலையை ஆட்டிவிட்டாள். போன கிழமைச் சண்டை அதனால்தான் வந்தது.

ஜெயரட்ணம் கெட்ட மனிதர் இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊரை விட்டுப் போக வரப் பாஸ் எடுத்து, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டி வாழ்ந்த காலத்தில் அவர் ஒரே ஒரு பாடத்தை நன்றாகப் படித்திருந்தார். வந்ததும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது. அப்படிப்பட்டவருடைய பிள்ளை ஊர் முழுவதும் பார்க்க மேடையில் ஏறுவதா? அதுவும் மைக் பிடித்து? அதுவும் சிங்களத்தில்?

“ஒரு சொல் பிழைச்சா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தீரே?” என்று கேட்டுவிட்டு, மாத்தளைக்கு வடக்கே நாலந்தாப் பக்கம் வாய்க்கால் வேலை பார்க்க ஜீப் ஏறிப் போய்விட்டார். நேற்றுப் பொழுதுபடத்தான் திரும்பி வந்தார்.

போவதற்கு முதல் ஒரு காரியம் மட்டும் செய்திருந்தார். ஏக்கநாயக்க கொடுத்து விட்ட சிங்களத் தாளை வேண்டா வெறுப்பாக ஒரு முறை வாசித்துக் காட்டினார். கந்தோர்ச் சுற்றறிக்கை வாசிக்கிற வேகத்தில்தான் வாசித்தார். பாலேஸ்வரிக்குச் சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அவர் வாய் போன போக்கில் அவள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அதை வைத்துத்தான் பிள்ளைக்குப் படிப்பித்தாள்.

கடைசி வசனம்தான் ஆரணிக்கு வாயில் நிற்கவில்லை. “அபி ஒக்கோம எக்கத்து வெலா அபே ரட்ட பலாகமு.” நாங்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து எங்கள் நாட்டைப் பார்த்துக்கொள்ளுவோம் என்று அர்த்தம். அந்தப் ‘பலாகமு’ வரும்போதெல்லாம் பிள்ளை திக்கித் திக்கி நின்றது.

கல்யாணத்துக்கு முதல் ஒரு வருசம் தொண்டர் ஆசிரியையாக நின்றவள் பாலேஸ்வரி. அந்தப் பழைய மூளை வேலை செய்தது. “இஞ்சை பார். பலாப்பழம் தெரியும்தானே? ‘பலா’ எண்டு சொல்லிப்போட்டு, கொஞ்சம் நிண்டு, ‘கமு’ எண்டு சொல்லு. பலா. கமு.”

“பலா! கமு!” என்றாள் ஆரணி. அதன் பிறகு ஒரு நாளும் பிழைக்கவில்லை. அந்த நம்பிக்கையில் நேற்று இரவும் இன்று காலையும் முன் பகுதியை மட்டும்தான் சொல்ல வைத்தாள்; கடைசி வசனம் ஜெயரட்ணத்தின் காதில் விழவே இல்லை.

ஒரு தடவை முன்னோட்டமாவது பார்த்திருக்கலாம். முதல் ஒத்திகையன்று பிள்ளைக்குக் காய்ச்சல். சிங்களம் தண்ணீராக ஓடுகிற பக்கத்து வீட்டு ஜுனைதா, அக்குறணையில் தங்கச்சி மகளுடைய கல்யாணத்துக்குப் போய் நேற்றுத்தான் வந்தாள். ஆகவே இன்றைக்குக் காலையில் கொடியேற்றுவதற்கு முன்னால் நடக்கிற கடைசி ஒத்திகைதான் ஆரணிக்கு முதல் ஒத்திகை.

மைதானத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் முழுதாக விலகவில்லை. தோரணங்கள் ஈரத்தில் தொங்கின. பேண்ட் வாத்தியப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஊதிக்கொண்டு நின்றார்கள். ஒரு மூலையில் மேசை போட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெரிய வாளியில் சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார் ஜுனைதாவின் கணவர். சந்தையில் மிளகு, கறாம்பு வாங்கி விற்கிற கடைக்காரர். எந்த விழா என்றாலும் சர்பத் அவருடைய பொறுப்பு.

ஒத்திகை மைதானத்துக்குப் பக்கத்து மண்டபத்தில். சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையில் நிகழ்ச்சி நிரல் எழுதியிருந்தது. முன் வரிசையில் விழாக்குழுக்காரர்கள். கதவடியில் ஒரு கதிரையில் காக்கிச் சட்டையோடு பாதுகாப்புக்கு வந்த சார்ஜன்ட் ஹேரத். கறுத்த, பெரிய மனிதர். சிரித்துப் பழக்கமில்லாத முகம். அவரைக் கண்டதும் பாலேஸ்வரியின் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது. பக்கத்தில் ஜெயரட்ணத்தின் கையும் சட்டைப் பையில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் கையை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் சந்தமாலி என்ற சிங்களச் சிறுமி தமிழில் பேசினாள். “சுதந்திர விலாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே” என்று தொடங்கி, “எங்கள் நாடு வால்க, வால்க” என்று முடித்தாள். தமிழ் தெரிந்த இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏக்கநாயக்க பெருமையாகக் கைதட்டினார்.

அடுத்தது ஆரணி.

அவள் நன்றாகத்தான் பேசினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழகாகத் திருப்பினாள். ஏக்கநாயக்கவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பாலேஸ்வரி ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவரும் தன்னை மறந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வசனம் வந்தது. ஆரணி மூச்சை இழுத்தாள்.

“அபி ஒக்கோம எக்கத்து வெலா, அபே ரட்ட... பலா! கமு!”

மண்டபம் அப்படியே நின்றுவிட்டது.

கைதட்டல் வருமென்று காத்திருந்த பாலேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் அடுத்தவரைப் பார்த்தார். ஏக்கநாயக்கவின் சிரிப்பு பாதியில் உறைந்தது. கதவடியில் சார்ஜன்ட் ஹேரத் கதிரையை விட்டு மெதுவாக எழும்பினார். பக்கத்தில் ஜெயரட்ணத்தின் முகத்தில் இரத்தமே இல்லை.

“என்னப்பா? என்ன சொன்னவள்?”

பின் வரிசையிலிருந்து ஜுனைதா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“யா அல்லாஹ்! பாலேஸக்கா, புள்ளைக்கு என்னாத்த சொல்லிக் குடுத்தீங்க?”

“நாட்டைப் பாத்துக்கொள்ளுவம் எண்டுதானே...”

“அது வேற ‘ப’ அக்கா! இந்தப் ‘ப’ போட்டா வெறகு பொளக்கிறது. அதோட நிப்பாட்டி ‘கமு’ன்னா திங்கலாம்னு அர்த்தம்.” ஜுனைதா குரலைத் தணித்தாள். “எல்லாரும் ஒண்ணா சேந்து நம்ம நாட்டப் பொளந்து திம்போம்னு சொல்லியிருக்கு புள்ள.”

நாட்டைப் பிளப்பது. ஒரு தமிழ்ப் பிள்ளை. சுதந்திர தினத்தில். பொலிஸ்காரருக்கு முன்னால்.

விழாக்குழுவில் தேசிய உடை அணிந்த ஒருவர் ஆரணியின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். முழுவதும் தமிழ் எழுத்து. “இதை எழுதியது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் கேள்வி பாலேஸ்வரிக்கே விளங்கியது.

“வாரும், வீட்ட போவம்,” என்றார் ஜெயரட்ணம் அடித் தொண்டையில். “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின் பக்கத்தால போவம். இனி ஒண்டும் கதைக்க வேண்டாம்.”

முன்னால் ஏக்கநாயக்கவைச் சுற்றி நின்றவர்கள் கிசுகிசுத்தார்கள். பேச்சுக்குப் பதிலாக ஒரு பாட்டு வைக்கலாமாம். பிள்ளை அடுத்த வருசம் பேசலாமாம். ஒருவர் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையில் இருந்த ஆரணியின் பெயரை அழிக்கப் போனார்.

ஆரணி மேடையிலேயே நின்றாள். தான் என்ன பிழை செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ பெரிய பிழை என்று தெரிந்துவிட்டது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டையின் மேல் குத்தியிருந்த கொடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாலேஸ்வரி அதைப் பார்த்தாள். அதன் பிறகு என்ன செய்தாள் என்பது அவளுக்கே பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

நடு வழியால் நேரே நடந்து போனாள். டஸ்டர் வைத்திருந்தவரிடம், “பொட்டக் இன்ட,” என்றாள். கொஞ்சம் பொறுங்கள் என்பது சந்தையில் படித்த சிங்களம். பலகையின் கீழே கிடந்த சோக்கை எடுத்தாள். நிகழ்ச்சி நிரலுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் பெரிதாக ஓர் எழுத்து எழுதினாள்.

ப.

“ஜுனைதா, இஞ்சை வாரும். நான் சொல்லுறதை இவையளுக்குச் சிங்களத்தில சொல்லும்.”

ஜுனைதா வந்து நின்றாள். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு இந்தச் சத்தத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் வேற வேற எழுத்து இருக்கு. எங்களுக்கு ரெண்டுக்கும் இது ஒண்டுதான்.” எழுத்தின் கீழே ‘பம்பரம்’ என்று எழுதினாள். முதல் எழுத்தையும் மூன்றாவது எழுத்தையும் சுற்றி வட்டம் போட்டாள். “இதை வாசிச்சா, முன்னுக்கு ஒரு சத்தம். நடுவில வேற சத்தம். ஆனா எழுத்து அதேதான். பம்... பரம். கேட்டுதோ?”

ஜுனைதா சொல்லி முடிக்க, ஏக்கநாயக்க கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகைக்குக் கிட்ட வந்தார். “பம்பரம்,” என்று சொல்லிப் பார்த்தார். மறுபடி மெதுவாகச் சொன்னார். இரண்டாம் தடவை அவருடைய புருவம் உயர்ந்தது.

“சிங்களத் தாளை நான்தான் தமிழ் எழுத்தில எழுதினனான். பிள்ளைக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. சொல்லு மறக்காமலிருக்கப் பலாப்பழத்தை நினை எண்டு சொன்னதும் நான்தான். பிழை முழுக்க என்ரை.”

பலாப்பழம் என்றதை ஜுனைதா “கொஸ்” என்று மொழிபெயர்த்தபோது முன் வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு பாலேஸ்வரிக்குக் கொஞ்சம் துணிவு கொடுத்தது. பலகையில் இன்னொரு சொல் எழுதினாள். “ஐயா, இதைச் சொல்லிப் பாருங்கோ. பழம்.”

“பலம்,” என்றார் ஏக்கநாயக்க.

“பழம்.”

“பளம்.”

“பழம் ஐயா. நாக்கை உள்ளுக்கு மடிச்சு...”

ஓய்வு பெற்ற அதிபர், சிவப்புச் சால்வையோடு, இத்தனை பேருக்கு முன்னால் நாக்கை மடித்தார். “பர்லம்,” என்று ஏதோ ஒன்று வந்தது. சந்தமாலிதான் முதலில் சிரித்தாள். பிறகு பேண்ட் வாத்தியப் பிள்ளைகள். பிறகு முழு மண்டபமும். ஏக்கநாயக்கவே வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். சார்ஜன்ட் ஹேரத் கதவடியிலிருந்து நகர்ந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையில் இருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலேஸ்வரி சோக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஏக்கநாயக்க கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜுனைதாவிடம் என்னவோ சொன்னார். ஜுனைதா பாலேஸ்வரியின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

“கொடியேத்தி முடியிற வரைக்கும் டைம் தர்றாராம் அக்கா. அதுக்குள்ள சரியா சொன்னா புள்ள மேடையேறலாம். இல்லாட்டி பாட்டு.”

டஸ்டர் வைத்திருந்தவர் டஸ்டரைக் கீழே வைத்தார்.

சர்பத் மேசைக்குப் பின்னால் ஒரு மாமரம். அதன் கீழே பாடசாலை தொடங்கியது.

“நடுவில நிக்காத. சேத்துச் சொல்லு. பலாகமு,” என்றாள் பாலேஸ்வரி. கமு உடனே சரியாகிவிட்டது. சேர்த்துச் சொன்னால் தமிழ் நாக்கு தானாகவே மெதுவான ‘க’வைத்தானே போடும். ஆனால் முதல் எழுத்துத்தான் வழிக்கு வரவில்லை.

“பஸ் சொல்லு புள்ள, பஸ்,” என்றாள் ஜுனைதா.

ஆரணிக்குப் பயத்தில் பஸ்ஸும் பல் மாதிரி வந்தது. பலூன் சொன்னாள். பேண்ட் சொன்னாள். எல்லாம் பலாப்பழத்தின் ‘ப’தான். பலா என்ற சொல் நாக்கில் அவ்வளவு ஆழமாக வேர் விட்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“நான் சொல்லமாட்டேன் அம்மா. எனக்கு வராது. நான் பேசல்ல.”

“சரி. அழாத. முதல்ல கொஞ்சம் சர்பத் குடி.”

ஆரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள். “பதுர்தீன் மாமா, எனக்குக் கொஞ்சம் சர்பத் தாங்க.”

பாலேஸ்வரி பாய்ந்து அவளுடைய தோளைப் பிடித்தாள்.

“என்ன சொன்னனீ?”

“சர்பத்...”

“அது இல்லை. அதுக்கு முன்னால. மாமான்ரை பேர் என்ன?”

“பதுர்தீன் மாமா.”

ஜுனைதாவும் அதைக் கேட்டுவிட்டாள். ஆரணி தினமும் வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய பேர். அதில் அந்த எழுத்து அச்சாக, கனமாக, நெஞ்சிலிருந்து வந்து விழுந்தது.

“அதுதான்! அந்தப் ‘ப’தான்! மாமாட ‘ப’வை அப்பிடியே எடுத்து முன்னுக்குப் போடு!” என்றாள் ஜுனைதா.

“பதுர்தீன். பதுர்... பலாகமு.” ஆரணி நிறுத்தினாள். “வந்திச்சா?”

“பாதி வந்திட்டுது,” என்றாள் பாலேஸ்வரி. “இன்னொருக்கா. பதுர்தீன், பலாகமு.”

“பதுர்தீன், பலாகமு.”

வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த பதுர்தீன் அகப்பையோடு திரும்பினார். “என்னாங்க, என் பேர்ல ஏதும் குத்தமா?”

“நீங்க சும்மா கலக்குங்க,” என்றாள் ஜுனைதா. பிறகு ஆரணியின் முன் குந்தி இருந்தாள். “புள்ள, என்ட வாயப் பாரு. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் இவங்கட பேர வாய்விட்டுச் சொன்னதில்ல. ஒனக்காகத்தான் சொல்றேன். இப்பிடி ஒதட்ட மூடி...” கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “பதுர்தீன்!”

அகப்பை வாளிக்குள் விழுந்தது.

“இன்னொரு தரம் சொல்லுங்க,” என்றார் பதுர்தீன் மிக மெதுவாக.

“போங்க அங்கிட்டு!” ஜுனைதாவின் முகம் சர்பத்தின் நிறத்துக்குச் சிவந்தது.

ஆரணி அழுகையை மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த நாக்குக்குப் பயம் போய்விட்டது. எங்கிருந்தோ சந்தமாலியும் வந்து சேர்ந்தாள். அவளும் “பதுர்தீன், பதுர்தீன்” என்று கத்தினாள். பதிலுக்கு ஆரணி அவளுக்கு நாக்கை மடித்துக் காட்டி, “வால்க இல்ல, வாழ்க. வால் எண்டா குரங்குக்கு இருக்கிறது” என்று விளங்கப்படுத்தினாள். சந்தமாலி பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

இவ்வளவுக்கும் ஜெயரட்ணம் மரத்தின் மறுபக்கத்தில் தனியே நின்றார். பாலேஸ்வரி அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வீட்டுக்குப் போவோம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தாள்.

பேண்ட் வாத்தியம் தொடங்கியது. கொடியேற்றப் போகிறார்கள். நேரம் முடிந்துகொண்டிருந்தது. ஆரணிக்கு நாலு தடவைக்கு ஒரு தடவை இன்னும் பலாப்பழம் வந்து விழுந்தது.

“ஆரணி,” என்றார் ஜெயரட்ணம்.

எல்லாரும் திரும்பினார்கள்.

அவர் மரத்தைச் சுற்றி வந்து மகளின் முன்னால் முழந்தாளிட்டார். ஈரப் புல்லில், துடைத்துத் துடைத்து மினுக்கிய செருப்போடு, தோய்த்து மடித்த காற்சட்டையோடு.

“இஞ்சை பார் பிள்ளை. அண்டைக்கு அப்பா உனக்கு ஒழுங்கா வாசிச்சுக் காட்டேல்லை. கோவத்தில வாசிச்சனான். இப்ப வடிவா வாசிக்கிறன். என்ரை தொண்டையில கையை வை.”

ஆரணி கை வைத்தாள்.

“அபே ரட்ட பலாகமு. தொண்டை அதிருதே? உன்ரை தொண்டையும் அதிர வேணும். பலாப்பழத்துக்கு அதிராது. சொல்லிப் பார்.”

ஒரு கையை அப்பாவின் தொண்டையிலும் மறு கையைத் தன் தொண்டையிலும் வைத்துக்கொண்டு ஆரணி சொன்னாள். அதிர்ந்தது. மறுபடி சொன்னாள். அதிர்ந்தது. கொடி கம்பத்தின் உச்சிக்குப் போய் விரிந்தபோது அவள் ஒரு தடவையும் பிழைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏக்கநாயக்க வந்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். “ஹொந்தய்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லது என்று அர்த்தம். அதைப் பாலேஸ்வரிக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சந்தமாலி பேசி முடித்து ‘வாழ்க’வின் ழவை அளவுக்கு மேல் உருட்டி இறங்கினாள். ஆரணி ஏறினாள். மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. யாரோ வளைத்துவிட்டார்கள். மைதானம் நிறையச் சனம்.

பாலேஸ்வரிக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. கடைசி வசனத்துக்காகவே காத்திருந்தாள்.

“அபி ஒக்கோம எக்கத்து வெலா,” என்றாள் ஆரணி. “அபே ரட்ட...”

நின்றுவிட்டாள்.

ஜுனைதா பாலேஸ்வரியின் முழங்கையை இறுக்கினாள். மேடையில் ஏக்கநாயக்க முன்னால் சாய்ந்தார். ஆரணி மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் ஏதோ அபிநயம் என்று நினைத்திருப்பார்கள்.

“...பலாகமு!”

மைதானத்துக் கோடி வரை கேட்டது. சுத்தமான, கனத்த, அதிர்கிற ‘ப’. முதலில் கைதட்டியது சர்பத் மேசைதான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பாலேஸ்வரி கைதட்டவில்லை. அவளுடைய ஒரு கையை ஜுனைதா பிடித்திருந்தாள். மறு கையை ஜெயரட்ணம் பிடித்திருந்தார். வெளியிடத்தில் அவர் அப்படிப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஆரணியும் சந்தமாலியும் சர்பத் வாளிப் பக்கம் ஓடிவிட்டார்கள். பாலேஸ்வரி கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

“அம்மா.”

சார்ஜன்ட் ஹேரத்.

ஜெயரட்ணம் ஓரடி முன்னால் வந்து பாலேஸ்வரியை மறைத்தாற்போல் நின்றார். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

“ஐடென்டி வேணாம் மாத்தயா,” என்று ஐயா போட்டு மரியாதையாகச் சொன்னார் சார்ஜன்ட். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் பேசினார். “எங்க பொலிஸ் ஸ்டேசன்... தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லை. இரத்தோட்டை எஸ்டேட் ஆள் வாறது. அழுறது. என்ன சொல்றது, எனக்கு தெரியாது. நாங்க சிங்களம் எழுதுறது. அவங்க கையெழுத்து போடுறது. என்ன எழுதியிருக்கு, அவங்களுக்கு தெரியாது.” தலையை ஆட்டினார். “அது சரி இல்லை.”

பாலேஸ்வரி கணவரின் பின்னாலிருந்து ஓரடி முன்னுக்கு வந்தாள்.

“நீங்க அந்த போர்ட்ல எழுதினது, எனக்கு விளங்கினது. முந்தி ஒரு மாத்தயா வந்து தமிழ் சொல்லி தந்தது, அது விளங்கேல்ல. இது விளங்கினது.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு கூச்சத்தில் கொஞ்சம் குறுகியது. “நீங்க ஸ்டேசன் வந்து எங்களுக்கு தமிழ் படிக்கிறதா?”

“படிக்கிறது இல்லை,” என்றாள் பாலேஸ்வரி. “படிப்பிக்கிறது. நீங்கள்தான் படிக்கிறது.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் யாரைத் திருத்தினோம் என்று அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் ஜெயரட்ணம் மூச்சை இழுத்தது கேட்டது.

சார்ஜன்ட் கோபப்படவில்லை. “படிப்... பிக்கிறது,” என்று சொல்லிப் பார்த்தார். “புதன்கிழமை பின்னேரம் நல்லது. யோசிங்க. வீட்டில பேசிட்டு சொல்லுங்க.” தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வாத்தியக்காரப் பிள்ளை ஒன்று போகிற போக்கில் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

“பொலிஸ் ஸ்டேசனுக்கோ?” என்றார் ஜெயரட்ணம் கடைசியில். “இவ்வளவு காலமும் கூப்பிட்டுத்தானே போயிருக்கிறம். நாங்களாவே எழும்பிப் போறதோ?”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. போன முறை உங்களைக் கேளாமல் தலையாட்டினது பிழைதான். இந்த முறை நீங்கள் சொல்லுங்கோ.”

ஜெயரட்ணம் திரும்பினார். வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காக்கி முதுகைப் பார்த்தார். ஹேரத் புதுச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே நடந்தார். “படிப்பிக்கிறது. படிப்பிக்கிறது.” கேட்டடிக்குப் போவதற்குள் அது தேய்ந்து மறுபடியும் “படிக்கிறது” ஆகிவிட்டது.

பாலேஸ்வரிக்கு அது கேட்டது. நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“பிழையாச் சொல்லிக்கொண்டு போறார்,” என்றார் ஜெயரட்ணம்.